நூலகத்தைப் பார்த்த சல்லடை

— ரெண்டு மாசமா அங்க கரண்ட்டே இல்லையாம்!

— எங்கேங்க? முதல்ல அந்தப் பையைக் கீழ வைங்க. ரெஞ்சு கால்ல விழப்போகுது.

— எதிர்த்த நூலகத்துலதான். குழாய் ஒழுகுதுன்னு கூப்பிட்டாங்க. போனா ஒரே இருட்டு. கட்டட வேலைன்னு மெயினையே அணைச்சு வெச்சிருக்காங்க. டார்ச் அடிச்சுத்தான் குழாயையே தேடினேன்.

— சரி, கை கழுவிட்டு வாங்க. ஆறு மணிக்குப் பொண்ணு குழந்தையைக் காட்டுறேன்னு சொல்லியிருக்கா. பேத்தியை முதமுதலா பாக்கப் போறோம்.

— எப்படிக் காட்டுவா? மூணு வருஷமா நூலகத்து இன்டர்நெட்டைத்தானே மாடியில கட்டின நம்ம சல்லடை பிடிச்சுக் கொடுக்குது?

— என் மாவுச் சல்லடை. ஓசி இன்டர்நெட்டுக்குப் பலியானது.

— ஓசின்னு சொல்லாதே. பொதுச்சொத்து. நடுவுல வைஃபை குச்சி, பின்னால டிஷ் மாதிரி வளைவு. விஞ்ஞானம்மா! மாசச் சந்தா கிடையாது.

— தெரியுமே. தபால்காரர் வரைக்கும் பீத்தியாச்சு.

— கரண்ட் இல்லாத இடத்துலேர்ந்து சிக்னல் எப்படி வரும்? நேத்துகூட அவ முகம் பளிச்சுன்னு தெரிஞ்சுதே!

— வருதில்ல, விடுங்களேன்.

— ஏன் முகத்தைத் திருப்பிக்கிறே?

— துணி மடிக்கிறேன்.

— மடிச்சதையே மடிக்கிறே.

— சொன்னா கத்தக் கூடாது. வயரைப் பிடுங்கக் கூடாது.

— சொல்லு.

— சுவத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வருது.

— அண்ண... அவன் வீட்டுலேர்ந்தா?

— வாய் வரைக்கும் வந்த அண்ணனை ஏன் முழுங்குறீங்க?

— அவன் தொட்டியிலேர்ந்து ஒரு குழாய் இழுத்ததுக்கு, தெருவே பாக்க ‘ஓசிப் பயலே’ன்னான்! அன்னிக்கு விட்ட பேச்சு. அவன்கிட்டயா ஓசி வாங்கிட்டிருக்கேன்? கம்ப்யூட்டர்ல ‘நூலகம்’னுதானே பேர் காட்டுது!

— தன் இன்டர்நெட்டுக்கு அந்தப் பேரை வெச்சதே பெரியவர்தான்.

— என்னது?

— சல்லடையைக் கட்டி மூணு நாள் ஒண்ணும் வரல, ஞாபகம் இருக்கா? சோறு தண்ணி இல்லாம மாடியிலயே உக்காந்திருந்தீங்க. நாலாம் நாள் வந்துச்சு. சின்னப் பிள்ளையாட்டம் குதிச்சீங்க. அன்னிக்கு சாயங்காலம் பெரியவர் வீட்டு அக்கா பின்பக்கமா வந்து, ‘அவன்கிட்ட மூச்சு விடாதேன்னு சொல்லச் சொன்னாரு’ன்னாங்க.

— உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பான்! இப்பவே அதைக் கழட்டி எறியுறேன்.

— அந்த முட்டியை வெச்சுக்கிட்டு ஏணி ஏறப் போறீங்களா? மாடிக்குப் போய் எவ்வளவு நாளாச்சு?

— ஒரு வருஷம் இருக்கும். அதுக்கென்ன?

— போன வாரம் அடிச்ச காத்துல பக்கத்துத் தெருத் தகரமே பறந்துச்சு. உங்க சல்லடை மட்டும் எப்படி நூலகத்தையே பாத்துக்கிட்டு நிக்குது?

— நான் கட்டினது அப்படி.

— கிழிஞ்சுது. ஒவ்வொரு காத்துக்கும் குப்புற விழுது. வாசல்ல நின்னு நீங்க அண்ணாந்து பாப்பீங்கன்னு, விடியறதுக்குள்ள பெரியவர் நம்ம மாடியேறி நூலகத்துப் பக்கமா திருப்பி வெச்சிட்டுப் போறார்.

— அந்த ஏணியிலயா?

— வேற எதுல?

— அதுல மூணாம் படி ஆடுமே... அண்ணன் எப்படி ஏறுறாரு?