பாத்ரூம் பரீட்சை

ஐயோ, எழுந்திருக்காதீங்கம்மா, உக்காருங்க. எங்க வீட்டம்மா விழல. அது வாளி. பிளாஸ்டிக் வாளி உருண்டா அப்படித்தான் கடகடன்னு கேக்கும். ஆள் விழுந்தா பொத்துன்னு ஒரே சத்தம்தான். நாப்பது வருஷம் மெக்கானிக்கா இருந்தவன் நான். வண்டி தெருமுனையில திரும்பும்போதே எந்த பேரிங் போயிருக்குன்னு சொல்லிடுவேன், ஒரு வாளியைக் கண்டுபிடிக்க மாட்டேனா?

ஆமா, உள்ள போயி இருபது நிமிஷம் ஆச்சுதான். வயிறெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பரீட்சை நடக்குதும்மா, உங்களுக்கு. ஒரு இடத்துக்கு மாசாமாசம் பணம் குடுக்கறதுன்னா, முதல்ல அந்த இடத்துக் கக்கூசைப் பார்த்துட்டு வந்துதான் அவ முடிவு பண்ணுவா. சிரிங்க, சிரிங்க. எல்லாரும் சிரிக்கத்தான் செய்வாங்க. நீங்க ஆபீஸ் பாத்ரூமைக் காட்டினீங்களே, அவ என்ன சொன்னா? இது வேணாம், இங்க தங்கியிருக்கிற பெரியவங்க போறது எதுன்னு கேட்டாளா இல்லியா? அதான்.

அந்த நோட்டீசை நீங்களே வச்சுக்குங்க. எழுத்தெல்லாம் எனக்குப் புகையாத்தான் தெரியுது, சர்க்கரை கண்ணுக்கு ஏறிடுச்சு. உங்க முகம்கூட இப்ப எனக்கு ஒரு வெளிச்ச உருண்டைதான், தப்பா நினைக்காதீங்க. கையெழுத்து வேணும்னா இடத்தை மட்டும் காட்டுங்க, இடது கையால போட்டுடுவேன். வலது கையில மூணு விரலை ஃபேன் பெல்ட் தின்னுடுச்சு. சாப்பாட்டைத் தவிர மத்த எல்லாத்துக்கும் இடது கைதான். இப்ப சாப்பாட்டுக்கும் அதுதான், சொல்லிக்கறதில்ல.

எதுக்குப் போயும் போயும் கக்கூசுன்னு நானும் கேட்டவன்தான். எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. பட்டறையில வர்றதுல கொஞ்சம் எடுத்து நல்ல காரியத்துக்குக் குடுப்போம்னு ஆரம்பிச்சதே நான்தான். ஒரு அனாதை இல்லத்துலேர்ந்து தபால்ல வழவழன்னு ஒரு புத்தகம் வந்துது. அட்டையில ஒரு குழந்தை, ரெண்டு கன்னத்திலயும் கண்ணீர், மூக்கு ஒழுகுது. நான் அங்கயே உருகிட்டேன். அவ வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா. போட்டோ எடுத்தவன் கேமராவைக் கீழ வச்சுட்டு இந்த மூக்கைத் துடைச்சு விட்டானா இல்லியா, அதைச் சொல்லு முதல்லன்னா. எனக்கு எப்படித் தெரியும்? சரி கிளம்புங்க, நேர்லயே போயிப் பார்ப்போம்னா.

போனோம். பளிங்குத் தரை. வாசல்ல ஒரு கல்லு மீனு வாயிலேர்ந்து தண்ணியைப் பீச்சிக்கிட்டே நிக்குது. ஏசி ரூம்ல உக்கார வச்சு ஆளுக்கு ஒரு ஜூஸ் குடுத்தாங்க. மீன் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே ஜூஸைக் குடிச்சா என்ன ஆகும்? இவளுக்கு வந்துடுச்சு. புள்ளைங்க போற பாத்ரூமுக்கே போறேன்னு போனா, பூட்டு தொங்குது. சாவி வாட்ச்மேன்கிட்ட. வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருக்கான். அறுபது புள்ளைங்களுக்கு ஒரே சாவிம்மா! நேரா வந்து மேனேஜர் முன்னாடி நின்னா. மீன் வாயில மட்டும் நிக்காம வருது, புள்ளைங்க அடக்கிக்கிட்டு நிக்கணுமான்னா பாருங்க. நான் பாதி ஜூஸை அப்படியே வச்சுட்டு ஓடி வந்தேன். நல்ல ஜூஸு.

அப்புறம் தெருநாய்ங்களை வச்சுப் பார்த்துக்குற ஒரு இடம். மாட்டினியா, நாய்க்கு ஏதுடி கக்கூசு, எதைப் பார்ப்பேன்னேன். அவ தண்ணித் தொட்டிக்குள்ள முழங்கை வரைக்கும் விட்டு அடியைத் தடவினா. பாசி இல்ல, வழுக்கல. பாஸு. பதினாலு வருஷமா அவங்களுக்குப் பணம் போயிக்கிட்டிருக்கு. அன்னிக்கு ஒரு நாய் என் பேண்ட்டைக் கிழிச்சுது. அதையும் நன்கொடையில சேத்துக்குங்கன்னுட்டா.

இந்த வாரத்துல உங்களோடது மூணாவது இடம். முதல் இடத்துல உள்ள தாழ்ப்பாள் போட்டா வெளியிலேர்ந்து திறக்க வழியில்ல, ஃபெயிலு. அடுத்த இடத்துல பாத்ரூம் வாசப்படி ஒரு சாண் உசரம், கால் தடுக்குது, ஃபெயிலு.

இருங்க, கேக்குதா? தாழ்ப்பாளைப் போடறா... திறக்கறா... மறுபடி போடறா. எண்ணெய் விட்டு வச்சிருக்கீங்க, நல்ல வழக்கம். இப்ப குழாய். வாஷர் நல்லாயிருக்கு, சொட்டல. இப்ப சுவத்தைத் தடவிக்கிட்டே வர்றா. கைப்பிடியைப் பிடிச்சு ஆட்டறா. ம்... ஆடல. பிழைச்சீங்க.

என்ன கேட்டீங்க? ஆமாம்மா, அது என் காதுலயும் விழுந்துது. கட்டில்லேர்ந்து பாத்ரூமுக்கு எத்தனை அடின்னு எண்ணினா. கூப்பிட்டா உடனே ஆள் வருமா, கோவமா பேசுவாங்களான்னு கேட்டா. சர்க்கரை இல்லாத சாப்பாடு தனியா உண்டா, ரேடியோ வச்சுக்க விடுவீங்களான்னு கேட்டா. பணம் குடுக்க வர்றவங்க இதெல்லாம் கேக்க மாட்டாங்களேன்னு உங்களுக்குத் தோணிடுச்சு, இல்ல? கெட்டிக்காரிதான் நீங்க.

கொஞ்சம் கிட்ட வாங்க. மெதுவாப் பேசுவோம்.

போன மாசம் டாக்டர் அவளை மட்டும் உள்ள வச்சுக்கிட்டு என்னை வெளிய உக்கார வச்சார். அது ஒரு கதவா, பிளைவுட்டு. எல்லாம் கேட்டுது. ஆறு மாசம்னார். வைத்தியம் பார்த்தா எட்டுன்னார். அவ அழல. அதுவரைக்கும் எழுந்து நடமாட முடியுமா, எனக்குக் கொஞ்சம் வெளி வேலை இருக்குன்னா. வெளிய வந்து, வெறும் வாயுத் தொல்லையாங்க, உருளைக்கிழங்கைத் தொடக் கூடாதாம்னு சொன்னா. நானும் சரி, வேணாம் விடுன்னுட்டேன். ஒரு மாசமா வீட்டுல உருளைக்கிழங்கே இல்லம்மா. எனக்கு அதுன்னா உசிரு.

மறுநாள் காலையில, புதுசா ஒரு இடத்துக்குக் குடுக்கலாமா, இந்தத் தடவை முதியோர் இல்லமாப் பார்ப்போமான்னா. பார்ப்போமேன்னேன். எனக்குத் தெரியும்கிறது அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா எனக்கு ஒரு இடம் தேடறதை விட்டுட்டு என்னைப் பார்த்துக்கிட்டே உக்காந்துடுவா. நீங்க காட்டிக்காதீங்க, என்ன?

அந்த வாளி ஏன் உருண்டுச்சு? பட்டப்பகல், அவளுக்கு இன்னும் ஊசியில நூல் கோக்கற கண்ணு. கண்ணை மூடிக்கிட்டு நடந்து பார்க்கறாம்மா உள்ள.

தோ, செருப்புச் சத்தம். அந்த நன்கொடை ஃபாரத்தை எடுத்து மேசைமேல வைங்க. பேனாவை என் கையில குடுங்க, சீக்கிரம். மாசம் எவ்வளவு எழுதட்டும்னு சத்தமாக் கேளுங்க.

வா, வா. என்ன, பாஸா ஃபெயிலா? பாஸா! பார்த்தீங்களாம்மா, லேசுல போட மாட்டா. என்னது, ஒரு சின்னக் குறையா? சொல்லு, அவங்க எழுதிக்குவாங்க.

அந்த வாளியை இடது பக்கமா மாத்தி வைக்கணுமாம்.

எழுதிக்குங்கம்மா.