உயிரோடு வந்தவனுக்கு அடித்த மேளம்

பெயர் இருளப்பசாமி, வயது 66, தகப்பனார் சுடலைமுத்து, இராஜபாளையம் பஞ்சுக் கிட்டங்கித் தெரு. 1994 ஆவணியில் தெருவில் மேளம் அடித்துப் பஸ்ஸை மறித்தது பற்றிப் போலீஸ் ஸ்டேஷனில் விசாரித்ததில், அறிவொளி முதியோர் வகுப்பில் கற்ற எழுத்தில் என் கைப்பட எழுதித் தரும் வாக்குமூலம்.

பேண்டேஜ் துணித் தறியில் வேலை பார்க்கும் என் மகன் சுந்தரபாண்டியனுக்கு ஈரலில் மஞ்சள்காமாலை வைரஸ் பல வருடமாகத் தங்கியிருக்கிறது. சென்ற மாதம் வயிறு வீங்கி, காய்ச்சல் கண்டு, என்னையே யாரென்று கேட்டான். பழைய நோய் முற்றிவிட்டது, இனி பிழைக்க மாட்டான் என்று உறவினர்கள் சொன்னார்கள். அதன் பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். டாக்டரம்மா வயிற்றிலிருந்து ஊசியால் எடுத்த நீர், அரிசி களைந்த தண்ணீர் போலக் கலங்கலாக இருந்தது.

"பழைய வைரஸ் இருக்கத்தான் செய்யுது பெரியவரே. அது உடம்பத் தளர்த்தி வச்சதுல இப்ப பாக்டீரியா நுழைஞ்சிருக்கு. இத மருந்தால விரட்டிப் பாக்கலாம்" என்றார்.

அதன் பிறகு ஊசி மருந்து ஏற்றி ஏற்றிக் காய்ச்சல் இறங்கியது. ஒரு காலையில் மகன் கண் திறந்து, "எப்பா, சட்டையத் திருப்பிப் போட்டிருக்கிய" என்றான். அன்று முழுவதும் நான் சட்டையை மாற்றவில்லை.

வீட்டுக்கு அனுப்பிய அன்று நாங்கள் மாத்திரை வாங்கப் போயிருந்தபோது, மம்சாபுரத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த என் மைத்துனர் மாரிச்சாமி, கட்டில் காலியாகி மெத்தை சுருட்டியிருப்பதைக் கண்டு, யாரையும் கேட்காமல் திரும்பிவிட்டார். இறந்தவனுக்குத் தாய்மாமன் கோடி வேட்டியும் மேளமும் கொண்டுவருவது எங்கள் வழக்கம். நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது தெரு முனையில் மேளம் முழங்கியது.

"மாமா, ஆருக்கு மேளம்?" என்று மகன் கேட்டான்.

"ஒனக்குத்தாம்ல" என்று சொல்லி மாரிச்சாமி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மேளக்காரர்கள் திரும்பிப் போகலாமா என்று கேட்டார்கள். "கல்யாண அடி அடிங்கப்பா, வீடு வரைக்கும்" என்று சொன்னது நான்தான். அதன் பிறகு பெண்கள் குலவையிட, நான் ஆடினேன். பின்னால் நின்ற தென்காசி பஸ்ஸின் ஹாரன் சத்தத்தையும் மேளத்தோடு சேர்ந்தது என்றே நினைத்தேன்.

கோடி வேட்டியைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. மகனுக்குக் கட்டவும் மனமில்லை. நானே கட்டிக்கொண்டேன்.

"மச்சான், அத அவுத்துப் போடுங்க" என்றார் மாரிச்சாமி.

"இருக்கட்டும் மாப்ள. எனக்குன்னு நீ மறுபடியும் அலைய வேண்டாம்" என்றேன். அதைக் கட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

மேற்கண்டவை என் கண்ணால் கண்டவை, என் காலால் ஆடியவை, பொய் இல்லை. மாரிச்சாமி மேலும் மேளக்காரர்கள் மேலும் குற்றமில்லை. இனி தெருவில் ஆட மாட்டேன் என்றும் எழுதச் சொல்கிறார் ஏட்டையா. மகன் மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்ப வேண்டியிருப்பதால், அதை மட்டும் எழுத இயலவில்லை.

(ஒப்பம்) சு. இருளப்பசாமி