அறுபதும் கறுப்பு

பிரிஜெட்: ஐம்பத்தெட்டு... ஐம்பத்தொன்பது... அறுபது. முடிஞ்சுது. கார்டையெல்லாம் டப்பாவுல போடு.

கிளிஃபர்ட்: இரு இரு. தப்பா எண்ணிட்டே. இன்னொரு வாட்டி எண்ணுக்கா.

பிரிஜெட்: இன்னாடா தப்பு? உன் கண்ணு முன்னாடி ஒவ்வொண்ணா வச்சேன்.

கிளிஃபர்ட்: ரெண்டு ஒட்டிக்கினு இருக்கும்... இல்ல, ஒட்டிக்கினு இருந்தா கம்மியால்ல வரும். குடு, நான் எண்றேன்.

பிரிஜெட்: எண்ணு சாமி. எட்டாம் கிளாஸ் கணக்கு டீச்சருக்கு நீ எண்ணக் கத்துக்குடு.

கிளிஃபர்ட்: பேசாதே, விட்டுப்போவுது... பத்து... இருபது... முப்பது...

பிரிஜெட்: வாய்விட்டு எண்ணு. பயமா இருந்தா தான் மனசுக்குள்ள எண்ணுவாங்க.

கிளிஃபர்ட்: ...ஐம்பத்தொன்பது. அறுபது.

பிரிஜெட்: சொன்னேன்ல.

கிளிஃபர்ட்: எப்டிக்கா? ஐம்பத்தொன்பது தானே இருக்கணும்?

பிரிஜெட்: ஏன் ஐம்பத்தொன்பது?

கிளிஃபர்ட்: அது... அன்னிக்கு ஜாய்சன் சொன்னானே, ஒரு கார்டு கொறையுதுன்னு.

பிரிஜெட்: சொன்னான். அப்புறம் அவன் கார்டு வச்சிருந்த மேசை டிராயரை அம்மா பூட்டிட்டாங்க. ஒரு வருஷமா சாவி அவங்க கழுத்து செயின்லயே தொங்குது. இன்னிக்குக் காலையில தான் திறந்து குடுத்தாங்க.

கிளிஃபர்ட்: நடுவுல யாரும் தொடலையே?

பிரிஜெட்: யாரு தொடுவா? தம்பி போனதுக்கப்புறம் அந்த ரூமுக்குள்ள நீ ஒரு நாளாச்சும் காலு வச்சியா?

கிளிஃபர்ட்: அந்தக் கவரைக் குடுக்கா.

பிரிஜெட்: சரி, மூஞ்சைத் தூக்காதே. நாளைக்குக் கல்லறைத் திருநாள். அம்மா சாமந்தி வாங்கப் போயிருக்காங்க. வர்றதுக்குள்ள முடிக்கணும். அவன் ஆசைப்பட்ட டெக்கை, இந்தக் கார்டுக் கட்டை, அவன் கல்லறை மேல வைக்கிறோம்னு வாக்கு குடுத்திருக்கேன்.

கிளிஃபர்ட்: மழை பெய்யுதேக்கா. நனைஞ்சுடும்.

பிரிஜெட்: அதுக்குத் தானே ஒவ்வொண்ணுக்கும் கவர் மாட்டிக்கினு உக்காந்திருக்கோம்... ஏன்டா, ஒரே ஒரு வெள்ளை கார்டு வச்சா இன்னா? இது பூரா கறுப்பு. நாயி, காக்கா, எலும்பு... கல்லறைக்கு எடுத்துக்கினு போற சாமானா இது? ஃபாதர் பாத்தா மந்திரிச்சு விடுவாரு.

கிளிஃபர்ட்: வெள்ளை வச்சா அவன் ஒத்துக்க மாட்டான். ரெண்டு கலர் கலந்தா வம்பு. கையில வெள்ளை கார்டு வந்து நிக்கும், அதை இறக்க வெள்ளை நிலக் கார்டு வேணும், கீழ இருக்கிறதெல்லாம் கறுப்பு நிலமா இருக்கும். போட முடியாது. ஒரே கலர்னா எது வந்தாலும் போடலாம். அறுபதும் கறுப்பு, அறுபதும் கறுப்புன்னு தூக்கத்துல கூட உளறுவானே.

பிரிஜெட்: உளறுவான். ஜெபமாலை சொல்றப்போ நடுவுல கூட ஒரு நாள் சொன்னான்.

கிளிஃபர்ட்: அம்மா செருப்பைத் தூக்கினாங்க!

பிரிஜெட்: பாரு, சிரிக்கிறே. எத்தனை மாசமாச்சு நீ சிரிச்சு... இந்தா அவன் நோட்டு. இதுல இருக்கிற கார்டு பேரைப் படிக்கிறேன், நீ எடுத்து வை. எது அதிகமா வந்துச்சுன்னு தெரிஞ்சுடும்.

கிளிஃபர்ட்: வாணாம்க்கா. அறுபது இருக்குல்ல, விடு. அப்டியே வச்சுடலாம்.

பிரிஜெட்: இப்போ தானே ஐம்பத்தொன்பதுன்னு குதிச்சே? நிலம் இருபத்திநாலு.

கிளிஃபர்ட்: ...இருக்கு.

பிரிஜெட்: சாம்பல் நாய் நாலு. எலும்புத் தச்சன் நாலு.

கிளிஃபர்ட்: இருக்கு. இருக்கு.

பிரிஜெட்: காக்கா ராணி மூணு.

கிளிஃபர்ட்: மூணு. பாரு, எல்லாம் சரியா தான் இருக்கு. மீதியை எதுக்குப் படிக்கிறே?

பிரிஜெட்: நடுவுல விடக்கூடாதுடா...

*

பிரிஜெட்: ...அவ்ளோ தான். கடைசி வரி. இதுக்கு மட்டும் சிவப்பு மையில கோடு போட்டிருக்கான். படகுக்காரன், ஒண்ணு.

கிளிஃபர்ட்: அக்கா... இது இங்க இருக்கு.

பிரிஜெட்: இருந்தா நல்லது தானே. ஏன் இப்டி தள்ளி வைக்கிறே?

கிளிஃபர்ட்: இது ஜில்லுன்னு இருக்குக்கா. தொட்டுப் பாரு. இது மட்டும்.

பிரிஜெட்: உன் கை வேர்த்திருக்கும்.

கிளிஃபர்ட்: வேர்வை கவருக்குள்ள எப்டி போவும்? உள்ள தண்ணி நிக்குது பாரு. மத்ததெல்லாம் காஞ்சு இருக்கு.

பிரிஜெட்: ...இது இன்னா பண்ற கார்டு?

கிளிஃபர்ட்: உனக்குத் தெரியாதா?

பிரிஜெட்: நீ சொல்லு. கேக்கிறேன்.

கிளிஃபர்ட்: ஆட்டத்துல செத்த கார்டையெல்லாம் ஒரு ஓரமாப் போடுவோம். அதுக்குப் பேரே கல்லறை தான். படகுக்காரனை இறக்கினா அதுல இருந்து ஒண்ணைத் திரும்பக் கைக்கு எடுத்துக்கலாம்.

பிரிஜெட்: இதைத் தேடித் தானே அன்னிக்கு ஒக்கலிபுரம் போனான்?

கிளிஃபர்ட்: ம்.

பிரிஜெட்: கொட்டுற மழையில. வீட்டுலயே கார்டு விக்கிறாரே முனிராஜ், அவருகிட்ட. நாலு மணிக்கு வந்தான், படகுக்காரனை வாங்கினான், ரெயின்கோட்டுக்குள்ள வச்சுக்கினு கிளம்பினான்னு அவரு என்கிட்ட அழுதுக்கினே சொன்னாரு. அப்புறம் தான் லாரி... போலீஸ் ஸ்டேஷன்ல அவன் பையைக் குடுத்தப்போ தண்ணி பாட்டில் இருந்துச்சு, ரெயின்கோட்டு இருந்துச்சு. கார்டு இல்ல.

கிளிஃபர்ட்: ரோடு பூராத் தேடினேனேக்கா. சாக்கடை ஓரமெல்லாம் குனிஞ்சு குனிஞ்சு...

பிரிஜெட்: தெரியும். நீ தேடினதைப் பாத்தேன். ஒண்ணு கேக்கட்டுமா? அவன் கிட்ட முதல்ல ஒரு படகுக்காரன் இருந்துச்சுல்ல, அது எங்க போச்சு?

கிளிஃபர்ட்: எனக்கெப்டி தெரியும்?

பிரிஜெட்: அம்மா கனவுல அவன் வர்றானாம். வாசல்லயே நிக்கிறானாம், ரெயின்கோட்டு சொட்டச் சொட்ட. உள்ள வாடா கண்ணான்னா வரமாட்டேங்கிறானாம். அண்ணன் கிட்ட கேளும்மா, அண்ணன் கிட்ட கேளும்மான்னு அதையே சொல்றானாம்.

கிளிஃபர்ட்: என்கிட்ட அம்மா சொல்லவே இல்லையே!

பிரிஜெட்: உன்கிட்ட எப்டி சொல்வாங்க?

கிளிஃபர்ட்: சும்மா பயமுறுத்தாதேக்கா. மத்தியானத்துலயே இருட்டிக்கினு வேற வருது... லைட்டைப் போடு.

பிரிஜெட்: போட்டு தான் இருக்கு. நம்ம வீட்டு ரூல் ஞாபகம் இருக்கா? ஆட்டத்துக்கு முந்தி ஒருத்தன் டெக்ல இருந்து இன்னொருத்தன் ஒரு கார்டை ஒளிச்சு வைக்கலாம். எண்ணிப் பாக்காம உக்காந்தா அவன் முட்டாள். ஆனா...

கிளிஃபர்ட்: ஆனா மூணு வாட்டி நேரா கேட்டா பொய் சொல்லக்கூடாது. எடுத்துக் குடுத்துடணும்.

பிரிஜெட்: அவன் எத்தனை வாட்டி கேட்டான்?

கிளிஃபர்ட்: ரெண்டு... யாரு? யாரு கேட்டா? யாரும் என்னைக் கேக்கல.

பிரிஜெட்: ரெண்டு.

கிளிஃபர்ட்: அக்கா, வாணாம்.

பிரிஜெட்: கிளிஃபர்ட், படகுக்காரனை நீ எடுத்தியா?

கிளிஃபர்ட்: இல்ல.

பிரிஜெட்: படகுக்காரனை நீ எடுத்தியா?

கிளிஃபர்ட்: இல்லன்றேன்ல! எழுந்து போயிடுவேன்!

பிரிஜெட்: உக்காரு. மூணாவது வாட்டி கேக்கிறேன்டா. அவன் கேக்காம போன வாட்டி இது. படகுக்காரனை நீ எடுத்தியா?

கிளிஃபர்ட்: எடுத்தேன்க்கா. விளையாட்டுக்கு தான். என் தலகாணி உறைக்குள்ள சொருகி வச்சேன். அதுல ஒரு மூலை கூட மடங்கிடுச்சு. ரெண்டு வாட்டி கேட்டான், நான் இல்லன்னு சிரிச்சேன். இன்னொரு வாட்டி கேட்டிருந்தா குடுத்திருப்பேன். சத்தியமா குடுத்திருப்பேன். கேக்காமலே போயிட்டான்க்கா... அந்தப் பாவி கேக்காமலே போயிட்டான்...

பிரிஜெட்: அழு. நல்லா அழு. அப்புறம் அதை இன்னா பண்ணினே?

கிளிஃபர்ட்: சவப்பெட்டி மூடுறதுக்கு முந்தி, அவனுக்குப் போட்டு விட்ட கோட்டுப் பாக்கெட்டுல வச்சேன். யாரும் பாக்கல. அதான் சொல்றேன், அறுபது வர முடியாதுக்கா! ஒண்ணு அவன் கூட மண்ணுக்குள்ள இருக்கு. இன்னொண்ணு ரோட்டுல போச்சு. இது எங்கிருந்து வந்துச்சு? என்னைக் கேக்கத் தான் வந்திருக்கான்... என்னைக் கேக்கத் தான்...

பிரிஜெட்: மண்ணுக்குள்ள இல்லடா.

கிளிஃபர்ட்: இன்னா?

பிரிஜெட்: கடைசி முத்தம் குடுக்கக் குனிஞ்சப்போ கோட்டை இழுத்து விட்டேன். பாக்கெட்டுல கார்டு கையில தட்டுச்சு. எடுத்துக்கினேன்.

கிளிஃபர்ட்: நீயா?

பிரிஜெட்: அதைக் கோட்டுல பாக்கிறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். அன்னிக்குக் காலையில தலகாணி உறை மாத்தினது நான் தானே. கார்டைப் பாத்தேன். உங்க விளையாட்டுன்னு திரும்ப உள்ளயே சொருகிட்டேன். மத்தியானம் ஜாய்சன் என்கிட்ட வந்து, அக்கா, அண்ணன் எடுத்தானான்னு கேட்டான். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பேப்பர் திருத்திக்கினு இருந்தேன். பேஜாரு பண்ணாதே, போய் வேற ஒண்ணு வாங்கிக்கோன்னு வண்டி சாவியைத் தூக்கிப் போட்டேன்.

கிளிஃபர்ட்: அக்கா...

பிரிஜெட்: நீ சொன்னா நானும் சொல்லலாம்னு ஒரு வருஷமா காத்துக்கினு இருந்தேன். முதல்ல சொல்ல எனக்குத் தைரியம் வரல.

கிளிஃபர்ட்: அடிப்பாவி... அப்போ இதை நீ தான் வச்சியா? என் வாயால வரவழைக்க, தண்ணியில நனைச்சு உள்ள வச்சியா? உயிரே போயிடுச்சுக்கா எனக்கு. சொல்லு. நீ தானே வச்சே?

பிரிஜெட்: நான் எடுத்தது என் ஜெபப் புத்தகத்துக்குள்ள இருக்கு, இதோ பாரு, மூலை மடங்கி... உன் கையில இருக்கிறதுக்கு மூலை மடங்கலடா கிளிஃபர்ட். அவன் வாங்கிக்கினு வந்துட்டான்.