மெஷின் பிடியில் உடைந்த துண்டு

சாயங்கால பஸ்ஸில் அடையாறு தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். முன் சீட்டில் இருந்தவன் பக்கத்திலிருந்த மனைவியிடம், ஜுரம் விட்டதா என்று விசாரிப்பதுபோலக் கேட்டான்.

"இன்னிக்காவது விரிசல் வந்துச்சா?"

"வந்துச்சு. உடைஞ்சே போச்சு."

"அப்பாடா!"

"அப்பாடா இல்ல. தப்பான இடத்துல உடைஞ்சிருக்கு." அவள் கண்ணை மூடிக்கொண்டே பேசினாள். "அலுமினியத்துக்குள்ள இழை வச்சிருக்கோம்ல, விரிசல் அதுகிட்ட வந்து நின்னுடும். எத்தனை தடவை இழுத்து இழுத்து விட்டா அதையும் தாண்டும்னு பாக்கறதுதான் என் ஆராய்ச்சி. இது மெஷின் பிடிக்கிற இடத்துல உடைஞ்சுடுச்சு. கணக்குல வராதுன்னு கைடு சொல்லிட்டார். வேற துண்டை மாட்டி, முதல்லேர்ந்து ஓட விட்டுட்டு வரேன்."

ராஜா அண்ணாமலைபுரம் சிக்னலில் பஸ் நின்றது.

"இது முடிய இன்னும் எத்தனை மாசமோ. நீ அந்தக் கோயம்புத்தூர் வேலைக்குப் போயிடு. தீசிஸ் முடிச்சுட்டு நான் வரேன்" என்றாள்.

"வேணாம்னு நேத்தே சொல்லிட்டேன்."

அவள் கண்ணைத் திறந்தாள். "என்கிட்ட கேக்காமலா?"

"கேட்டா போன்னுதான் சொல்லுவே. உன்னைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது?"

"நீ போயிருந்தா நான் நிம்மதியா செஞ்சிருப்பேன். இனிமே ஒவ்வொரு துண்டு மாட்டும்போதும் நீ விட்ட வேலைதான் ஞாபகம் வரும்."

மயிலாப்பூர் வந்ததும் அவன் எழுந்து, அவள் பையை வாங்கக் கையை நீட்டினான்.

"இருக்கட்டும், நானே தூக்கிக்கறேன்" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவனுக்கு முன்னால் இறங்கிப் போனாள்.