பிரேக் இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்

காரில் இண்டிகேட்டர் சுவிட்சைச் சரிசெய்ய மெக்கானிக் தேவையில்லை. வீட்டில் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு துண்டு உப்புத்தாளும் இருந்தால் போதும். முதலில் பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும்; அவசரக்காரர்கள் இதை மறந்துவிடுவார்கள். எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது, நடந்துகொண்டே சொல்கிறேன்.

ஒரகடத்தில் எனக்கு ஒரு லேத் பட்டறை. என் கார் டிரைவர் அப்பாவு, வடக்குப்பட்டுக்காரன். வலப்பக்க இண்டிகேட்டர் எரியவில்லை என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "மொதலாளி, ரைட்டுல எரிய மாட்டேங்குது. எவனாவது வந்து வுழுந்துடப் போறான்" என்பான். அதையும் பட்டறை ஆட்களை வைத்துக்கொண்டு சொல்வான். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். அந்த ஒரு மாதமும் வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் கையை வெளியே நீட்டித்தான் ஓட்டினான்.

1991 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை, வாலாஜாபாத் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அவன் ஓட்டுவது மாட்டுவண்டி வேகம். பொறுக்க முடியாமல் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு நானே ஓட்டினேன். பட்டறைக்கு வலப்பக்கம் திரும்பினேன். கையை நீட்டவில்லை. பின்னால் மொபெட்டில் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்த இராமச்சந்திரன் என்பவன் எங்களைத் தாண்டப் பார்த்து, கார் மேல் மோதி விழுந்தான். இருபத்திரண்டு வயது. அவன் எழுந்திருக்கவில்லை.

ஆட்கள் ஓடிவருவதற்குள் அப்பாவுவிடம் பேசி முடித்துவிட்டேன். "நீ ஓட்டினேன்னு சொல்லிடு. சுவிட்ச் கெட்டுப்போனதுதான் காரணம்னு சொல்லு. உன் மேல தப்பே வராது."

"நீங்க சொன்னா சரி மொதலாளி" என்றான். "சுவிட்சு எரியலன்னு எல்லாருக்கும் தெரியும். இன்னா ஆயிடப்போவுது."

ஸ்டேஷனில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவனை உள்ளே வைத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து காரைச் சோதிப்பார், அதுவரை உங்கள் வீட்டிலேயே நிற்கட்டும் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. அப்பாவு நல்லவன். நல்லவன் எத்தனை நாளைக்குப் பொய்யைச் சுமப்பான்? ஒருநாள் முதலாளிதான் ஓட்டினார் என்று சொல்லிவிடுவான். சுவிட்ச் கெட்டிருந்தது உண்மை என்று தெரிந்தால், நான் ஓட்டினேன் என்பதையும் நம்பிவிடுவார்கள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஸ்டியரிங் மூடியைக் கழற்றினேன். அப்போது அப்பாவுவின் மனைவி சின்னப்பொண்ணு, அவனை எப்போது விடுவார்கள் என்று கேட்க வந்தாள். நின்று பார்த்தாள்.

"அவுருக்காவத்தான் ரிப்பேர் பண்றீங்களா மொதலாளி?"

"ஆமா" என்றேன். ஸ்க்ரூ உருண்டு போகாமலிருக்க அவள் கையை நீட்டச் சொன்னேன். மூன்று ஸ்க்ரூவையும் உள்ளங்கையில் பத்திரமாக வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே செப்புத் தகடு கரி பிடித்து வளைந்திருந்தது, அவ்வளவுதான். தேய்த்து, நிமிர்த்தி, எண்ணெய் தொட்டு வைத்தேன். பேட்டரி வயரை மாட்டிவிட்டுப் போட்டுப் பார்த்தேன். நன்றாக எரிந்தது. அவளுக்குச் சந்தோஷம். "நீங்க நல்லா இருக்கணும்" என்றாள்.

திங்கட்கிழமை எல்லா விளக்கும் எரிகிறது என்று பிரேக் இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டுப் போனார்.

நான் நினைத்தபடியே கோர்ட்டில் அப்பாவு அழுதான். நான் ஓட்டவில்லை, முதலாளிதான் ஓட்டினார் என்றான். சுவிட்ச் எரியவில்லை என்றும் சொன்னான். இன்ஸ்பெக்டர் காகிதத்தில் எரிகிறது என்று இருந்தது. என்னிடம் சம்பளம் வாங்கும் பட்டறை ஆட்கள் யாரும் சாட்சிக்கு வரவில்லை. அதற்குப் பிறகு அவன் சொன்ன எதுவும் எடுபடவில்லை. ஸ்க்ரூவைக் கையில் பிடித்திருந்தேன் என்று சின்னப்பொண்ணு சொன்னாள். பெண்டாட்டி வேறு எப்படிச் சொல்வாள் என்று விட்டுவிட்டார்கள். அவனுக்கு ஒன்றரை வருடம் போட்டார்கள்.

ஓட்டியது நான். இராமச்சந்திரனைக் கொன்றது நான். அப்பாவுவை உள்ளே அனுப்பியதும் நான்தான். ஒளிக்க ஒன்றுமில்லை.

அடுத்த மாதம் வெளியே வருகிறான். வேலை அப்படியே இருக்கிறது, வரச்சொல் என்று சின்னப்பொண்ணுவிடம் சொல்லி அனுப்பினேன். கோர்ட்டில் என் பெயரை இழுத்ததை எல்லாம் நான் மன்னித்துவிட்டேன். ஆனால் ஓர் உயிர் போயிருக்கிறது. இனிமேலாவது அவன் கொஞ்சம் பார்த்து ஓட்ட வேண்டும்.