கிளிப்ப நம்பாதம்மா

அய்யோ, புள்ளைய நெஞ்சோட கட்டிக்கிற அந்தக் கேரியர மறுபடி மாட்டாதம்மா. பாப்பாவ மடியிலயே வச்சுக்கோ. ஊசி போட இன்னும் நேரம் இருக்கு, இந்த ஆஸ்பத்திரில என்னிக்குச் சட்டுபுட்டுன்னு கூப்பிட்டிருக்காங்க? ஆமா, அந்தத் தோள் வாருல இருக்குற கிளிப்பத்தான் சொல்றேன். பாக்கக் கெட்டியாத்தான் இருக்கும். நாலு தடவ துவைச்சு வெயில்ல போட்டா உள்ள விரிசல் விட்டுரும். வெளிய தெரியாது.

எனக்கு எப்படித் தெரியுமா? இதே மாதிரி பேபி கேரியர் தச்சு வித்தவம்மா நான். ஆமா, அந்த ஆப்லதான். வேற எங்க விக்கிறது, சனம் பூரா போன்லதானே வாங்குது. நானும் நாத்தனாரும், முன்னறைல ரெண்டு மெஷின். நல்லாத்தான் ஓடுச்சு. புதுசா வந்த கிளிப் மேல ஒரு சந்தேகம், துவைச்சுக் காயவச்ச ஒண்ணுல தண்ணிக் கேன மாட்டித் தொங்கவிட்டேன். டப்புன்னு ஒரு சத்தம். கேன் தரையில. நாத்தனார் வாயப் பொத்திக்கிட்டா. கேனுக்குப் பதிலா... வேணாம், பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டு அத ஏன் சொல்லணும்.

அன்னிக்கே விக்கிறத நிறுத்திட்டேன். சரி, வாங்கினவங்களுக்குச் சொல்லணுமே? அங்கதாம்மா வந்துச்சு வினை. யாரு வாங்கினாங்கன்னு எனக்கே தெரியாது! நான் தச்சு ஆப்காரங்க குடோனுக்கு அனுப்பணும், அங்கேர்ந்து வீட்டுக்கு அனுப்புறது அவங்க. பேரு, போன் நம்பர் எதையும் நம்ம கண்ணுல காட்டமாட்டாங்க. நீங்களே ஒரு மெசேஜ் தட்டி விடுங்கய்யான்னு கெஞ்சினேன். வாடிக்கையாளர் விவரம் ரகசியமாம். பதில் சொல்றது மனுஷனா மெஷினான்னே தெரியல. கடைசில எங்க சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீங்கன்னு கேக்குது. நட்சத்திரமா! போன நான் செவுத்துல அடிக்காம விட்டதே பெருசு.

கத்திட்டேனா? பாப்பா முழிக்குது பாரு. ஒண்ணுமில்லடா கண்ணு.

இன்னும் கேளு. ரகசியமெல்லாம் எனக்குத்தான், அவங்களுக்கு இல்ல. எந்தக் கலர் போகுது, எந்த ஊருல போகுது, எந்த விலைன்னா யோசிக்காம வாங்குறாங்க, எல்லாத்தையும் என் கடையிலயே நோட்டம் பாத்துட்டு, முன்னாடியே சொந்தப் பேருல ஒண்ணு இறக்கியிருந்தாங்க. அதே மாடல், அதே பாக்கெட், அதே கிளிப். தேடினா முதல்ல வர்றது அவங்களோடது, என்னோடது எங்கயோ பாதாளத்துல. வேலியே பயிர மேய்ஞ்சா யாருகிட்டப் போய்ச் சொல்ல? உங்களோடதும் உடையும்னு எழுதினேன். போட்டிக்காரி வயித்தெரிச்சல்ல பொய் சொல்றான்னு என் கடையவே மூடிட்டாங்க.

புகார் கொடுக்காம இருப்பேனா? இந்தப் பெரிய கம்பெனிங்க நியாயமா யாவாரம் பண்ணுதான்னு பாக்கவே ஒரு ஆபீஸ் இருக்கு. அங்க இருந்த அதிகாரி நல்ல மனுஷன்தான், உக்கார வச்சுக் கேட்டாரு. கேட்டுட்டு, எத்தனை பேரு வாங்கினாங்க, யாருக்காவது அடிபட்டுச்சா, ஆதாரம் கொண்டாங்கம்மாங்கிறாரு. அழுறதா சிரிக்கிறதான்னு தெரியல. சார், அந்த ஆதாரமே அவங்ககிட்டத்தான் இருக்கு, நீங்கதான் வாங்கித் தரணும்னேன். அத வெளிய எடுக்கத்தான் நாங்களும் மல்லுக்கட்டுறோம்னாரு. அவங்க வக்கீலுங்க வாய்தா மேல வாய்தா வாங்குறாங்களாம். வாய்தா முடியுற வரைக்கும் கிளிப் காத்துக்கிட்டிருக்குமா?

என் குழந்தை எங்கயா? அவ காலேஜ் போறாம்மா. நான் ஊசி போட வரல. ஊசி போடுற நாள்னா இப்படி ஒவ்வொரு ஆஸ்பத்திரியா போய் வாசலப் பாத்து உக்காந்துக்குவேன், யாரு இத மாட்டிக்கிட்டு வர்றாங்கன்னு. நாத்தனார் இந்நேரம் பஸ் ஸ்டாண்டுல இதே மாதிரி பாத்துக்கிட்டு நிப்பா. ஆப்காரங்க நெனச்சா ஒரு பட்டன்ல முடியுற வேலை.

உன்னத்தான் கூப்பிடுறாங்க, பாப்பாவத் தூக்கிட்டுப் போ. கேரியர எங்கிட்டக் கொடு. ஊசி நூல், நல்ல கிளிப் எல்லாம் பையில இருக்கு, நீ வெளிய வர்றதுக்குள்ள மாத்தி வச்சிருவேன். நான் வித்த சாமான், அத நான் மாத்தித் தர்றது மொறதானேன்னு நெனைக்காத. இது நான் தச்சது இல்லம்மா. அவங்க சொந்தப் பேருல இறக்கினது. நீ உள்ள நுழையுறப்பவே தையலப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்.

பரவால்ல, கொடு.