திரைக்குப் பின்னால் நின்றவள்

— வெளிய வாம்மா. எவ்வளவு நேரம்தான் அந்தத் திரைக்குப் பின்னாடியே நிப்பே? அவரு போயாச்சு.

— கார் கிளம்பிடுச்சாப்பா?

— தெருமுனை திரும்பிடுச்சு. யாரு அவரு? வாசல்ல ஆளைப் பாத்ததும் பிரஷ்ஷைப் போட்டுட்டு ஓடினியே.

— நான் கட்டிக்கப் போறவரோட அப்பா.

— அட, ஞாயித்துக்கிழமை நாம பாக்கப் போறவரா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாற்காலியைத் துடைச்சுப் போட்டிருப்பேனே.

— எப்படிப்பா சொல்லுவேன்? அவங்க வீட்டுல உங்களைச் சிற்பின்னு சொல்லி வெச்சிருக்கேன்.

— சிற்பியா? நான் எந்தக் கல்லைம்மா செதுக்கினேன்?

— சிரிக்காதீங்கப்பா, ப்ளீஸ்.

— சிரிக்கலை. செத்த மீனைப் பாடம் பண்றவருன்னு சொல்ல வாய் வரலை, அதானே?

— பள்ளிக்கூடத்துல என் பக்கத்துல ஒருத்திகூட உக்கார மாட்டா. எத்தனை தடவை தலைக்குக் குளிச்சாலும் மீன் வாடை போகாது. போற வீட்டுலயும் மூக்கைப் பொத்துற மூஞ்சியைப் பாக்கணுமான்னு...

— ம்... உங்க தாத்தா பண்ணின முதல் மீனு ஒரே வாரத்துல அழுகிப் போச்சு, தெரியுமா? கொடுத்தவங்க அதைத் தெருவுல வீசிட்டாங்க. மனுஷன் கூச்சப்படாம பொறுக்கிட்டு வந்து, எங்க தப்புன்னு அறுத்துப் பாத்தாரு. சதையைச் சுத்தமா சுரண்டி, தோலுக்கு மருந்து தடவி, உள்ள மரக்கட்டை வெக்கிறது அப்படி வந்த வித்தைதான். அப்புறம் உங்க அத்தை தைச்சா. காஞ்ச தோலுல நிறம் நிக்காதில்ல, உங்கம்மா செதில் செதிலா வர்ணம் பூசினா. நீ...

— கண்ணு வெச்சேன். தெரியும்ப்பா.

— எந்த மீனுக்கு எந்தக் கண்ணாடிக் கண்ணுன்னு டப்பாவுல துழாவி எடுத்துக் குடுப்பே. எனக்கே அது வராது.

— பயத்துல காதைப் பொத்திக்கிட்டு நின்னுட்டேன்ப்பா. அவர் என்ன பேசினார்?

— ஏரியில பிடிச்ச மீனாம். மகன் கல்யாணத்துக்குள்ள கூடத்துல மாட்டணுமாம். சுவத்துல இருக்கிறதையெல்லாம் ஒவ்வொண்ணா நின்னு பாத்தாரு. உங்கம்மா பூசின கெண்டையைவிட்டு நகரவே மனசில்லை அவருக்கு.

— மூக்கைப் பொத்திக்கலையா?

— அந்த முக்காலியிலயே உக்காந்து என்கூட டீ குடிச்சிட்டுப் போறாரும்மா.

— ஐயோ. அப்போ நான் இத்தனை நாளா... அப்பா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் வேண்டாம். இப்பவே அவங்க வீட்டுக்குப் போறேன். ‘நீங்க பாத்துட்டு வந்தீங்களே, அவர்தான் என் அப்பா’ன்னு அவர்கிட்ட நானே சொல்லிடறேன்.

— அவசரப்படாதே. கொஞ்சம் சிக்கல் ஆயிடுச்சு.

— என்ன சிக்கல்?

— வந்தவரு யாருன்னு எனக்கு அப்போ தெரியாதும்மா. நீ ஓடின வேகத்துல, என் மகள்னு வெளிய தெரியறதுல உனக்கு இஷ்டமில்லைன்னு மட்டும் புரிஞ்சுது. உங்களுக்குப் பிள்ளைங்க உண்டான்னு கேட்டாரு. இல்லைன்னு சொல்லிட்டேன்.